முதல் நாள் எங்கும் போக வேண்டாம் என்று சொன்ன விடுதி: அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு பகல், ஓர் இரவு

பெட்டிகளை இறக்கி வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் குழுவில் மூத்தவரான தலைமையாசிரியை அம்மா, "ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்கு ஒரு வண்டி சொல்லுங்கள், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்று விடுதி உரிமையாளரிடம் கேட்டார். அவர் கைப்பேசியைத் தொடவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து பழைய ரசீதுப் புத்தகத்தின் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் 9.40, 3.50, 10.00 என்று மூன்று எண்களை எழுதி, நடு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, எங்கள் பக்கம் நகர்த்தினார். காலையில் கடல் ஏறிய நேரம், மாலையில் வற்றும் நேரம், இரவில் மறுபடி ஏறும் நேரம். அடியில் 5.12 என்று தனியாக ஓர் எண். அது சூரியன் மறையும் நேரம். "இன்றைக்கு எங்கும் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு இங்கேயே இருங்கள். நாளைக்கு நானே வண்டி அனுப்புகிறேன்" என்றார். வண்டி சொல்லியிருந்தால் அவருக்கும் அதில் ஒரு பங்கு வந்திருக்கும் என்பது இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அந்த வரும்படியை விட்டுக்கொடுத்து ஒருவர் பேசுகிறாரே என்பதற்காகவே கேட்டுக்கொண்டோம். இந்த விடுதியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே முதற்காரணம்.

நாங்கள் நால்வர். திருநெல்வேலியில் ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர், தமிழ் எடுக்கும் நான். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கணவரும் பிள்ளைகளும் இல்லாமல் நாங்கள் நால்வர் மட்டும் செல்லும் முதல் பயணம் என்பதால், எங்கே தங்குவது என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான கவலை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் பெயரை எழுதவில்லை. மொத்தமே எட்டுக் குடில்கள். பெயர் பரவினால் விலையை ஏற்ற வேண்டியிருக்கும், பழைய வாடிக்கையாளர்களுக்கு இடமில்லாமல் போகும், ஆகவே வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். குறைகளையும் எழுதப் போவதால் எனக்கும் அது வசதியாகப் போயிற்று. இடத்தை மட்டும் சொல்கிறேன். ஹேவ்லாக் தீவின் கிழக்குக் கரையில், விஜயநகர் என்றும் ஐந்தாம் எண் கடற்கரை என்றும் அழைக்கப்படும் நீண்ட கரையில், சாலையிலிருந்து பாக்குத் தோப்புக்குள் இறங்கும் ஒரு மண்பாதையின் கடைசியில் அது இருக்கிறது. தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தாயிற்று. பயணச்சீட்டில் புதிய பெயரும் ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயரும் இருக்கின்றன. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு அதிகாலை விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து துறைமுகம், தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பயணம். அரசுக் கப்பல் கட்டணத்தில் மிகவும் மலிவு, ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், இடம் கிடைப்பதும் எளிதன்று. நாங்கள் ஏறிய தனியார் கப்பலில் விமான நிலையத்தைப் போலவே அடையாள அட்டை பார்த்து, பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, குளிரூட்டிய அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பயணம் முழுவதும் கடற்காற்று முகத்தில் படவில்லை. பாதி வழியில் அலை சற்றே தூக்கிப் போட்டதும் கணக்கு டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைமையாசிரியை அம்மா கைப்பையிலிருந்து இஞ்சி மரப்பாவை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஊரிலிருந்து புறப்படும்போது அதைக் கேலி செய்த நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

நண்பகல் கடந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு தீவின் படகுத்துறையில் இறங்கினோம். பெயர் எழுதிய அட்டையுடன் விடுதியின் ஆள் நின்றிருந்தார். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். "வாங்கம்மா, பெட்டிய என்கிட்ட குடுங்க" என்று அவர் தமிழில் சொன்னதும் எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் தோள் தளர்ந்தது. ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்கு ஆட்டோ வாடகை 200 ரூபாய் என்று ஏறும் முன்பே சொல்லிவிட்டார். இறங்கும்போது கூடுதலாக யாரும் கேட்கவில்லை.

குடில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவு செய்தபோது படத்தில் இருந்தது கடலைப் பார்த்த குடில். எங்களுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று உண்மையிலேயே கடலைப் பார்த்திருந்தது. மற்றொன்று பக்கத்துக் குடிலின் பின்சுவரைப் பார்த்திருந்தது. அதன் திண்ணையின் இடது மூலையில் நாற்காலியைப் போட்டு உடம்பை ஒருபுறம் சாய்த்து உட்கார்ந்தால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு முழம் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே வாடகை: இருவருக்குக் காலை உணவோடு ஓர் இரவுக்கு 3,200 ரூபாய். இது சரியில்லை என்று சொன்னோம். உரிமையாளர் மறுக்காமல் வருத்தம் தெரிவித்தார், ஆனால் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. மூத்தவருக்கும் கப்பலில் வதங்கிய கணக்கு டீச்சருக்கும் கடல் குடிலை விட்டுக்கொடுத்துவிட்டு, அறிவியல் டீச்சரும் நானும் முழக் கடலுக்கு ஒதுங்கிக்கொண்டோம்.

மற்றபடி குடில் சுத்தமாக இருந்தது. மூங்கில் தட்டிச் சுவர், மரத்தரை, கொசுவலையில் ஓட்டை இல்லை, விரிப்பில் வெயிலில் காய்ந்த வாசனை. குளியலறைத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. வெந்நீர் வேண்டுமென்றால் சமையல் கட்டில் சொல்லிவிட்டு வாளிக்காகக் காத்திருக்க வேண்டும். குளிரூட்டி கிடையாது, மின்விசிறி மட்டுமே. தை மாதத்துக்கு அது போதும். சித்திரையில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு ஓலைக் கூரைக்குக் கீழே. இந்தத் தீவின் ஊர்களில் பெரும்பாலானவை 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றியதால் உண்டானவை. கோவிந்தநகர், விஜயநகர், ராதாநகர், கிருஷ்ணநகர், ஷியாம்நகர் என்ற பெயர்களைப் பார்த்தாலே வந்தவர்களின் பக்தி விளங்கும். இந்த விடுதிக் குடும்பமும் அவ்வழியில் வந்ததுதான். சமையல் உரிமையாளரின் மனைவியுடையது. சோறு, தண்ணியான பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், பப்பாளிக்காய்க் கூட்டு, தக்காளியில் வெல்லம் போட்டுச் செய்த இனிப்பான துவையல். மீன் கேட்டவர்களுக்குக் கடுகு அரைத்து ஊற்றிய குழம்பில் ஒரு துண்டு. கடுகை நாம் தாளிப்பதற்கு மேல் மதிப்பதில்லை. அவர்கள் அதைப் பச்சை மிளகாயுடன் மைய அரைத்து, குழம்பாகவே ஆக்கி விடுகிறார்கள். முதல் வாய்க்கு மூக்கில் ஏறியது. மூன்றாம் வாய்க்கு, புளியில்லாத மீன் குழம்பா என்று முகம் சுளித்த கணக்கு டீச்சர் இன்னொரு கரண்டி கேட்டார். சைவச் சாப்பாடு 250 ரூபாய், மீனோடு 350. தலைமையாசிரியை அம்மா சைவம் என்று சொன்னதும் அந்த அம்மாள் தனிக் கரண்டி எடுத்து வைத்ததை நான் கவனித்தேன். யாரும் கேட்காமலே செய்தார்.

சாப்பிட்டு எழுந்தபோது கடலைக் காணவில்லை.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒன்றரை மணிக்குத் திண்ணைக்கு முன்னால் இருபதடி தூரத்தில் பச்சையும் நீலமுமாகத் தளும்பிக்கொண்டிருந்த தண்ணீர், மூன்று மணிக்கு வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகப் போய்விட்டிருந்தது. இடையில் இருந்ததெல்லாம் ஈர மணலும், பாசி படிந்த பாறையும், செத்த பவளத் துண்டுகளும், ஆங்காங்கே தேங்கிய குட்டைகளுந்தான். மிதந்துகொண்டிருந்த இரண்டு டிங்கிப் படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. இணையத்தில் இந்தக் கரையைப் பற்றிக் குறை எழுதியிருப்பவர்களில் பாதிப் பேர் இந்த நேரத்தில் வந்து பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். குளிக்க முடியவில்லை, காலைக் கிழிக்கிறது, சேறு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றும் என்பதையும், ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே மிகுதியாக இருக்கும் என்பதையும் யாராவது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்தக் குறைகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்க மாட்டா. எங்களுக்குச் சொல்லப்பட்டது. ரசீதுத் தாளில் வட்டம் போட்ட 3.50 அதற்குத்தான். நாங்கள் போன நாள் தை அமாவாசைக்கு நெருக்கம். ஆகவே வற்றமும் கடுமை.

உரிமையாளர் பழைய ரப்பர் செருப்புகள் நான்கு சோடி கொடுத்தார். வெறுங்காலோடு இறங்க வேண்டாம், பாசிப் பாறையில் ஏற வேண்டாம், உயிருள்ள பவளம் தெரிந்தால் மிதிக்க வேண்டாம் என்று மூன்று நிபந்தனைகள் வைத்தார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அறிவியல் டீச்சர் எங்களை வகுப்புப் பிள்ளைகளாக ஆக்கிவிட்டார். ஒரு குட்டையின் ஓரம் குந்தி உட்கார்ந்து அவர் காட்டிய இடத்தில், எனக்கு முதலில் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு வெறும் சங்குதான் தெரிந்தது. அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தபோது, சங்கு மெல்ல எழும்பி, அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் நூல் போன்ற கால்கள் நீண்டு, இரண்டு கண்கள் குச்சி மேல் எட்டிப் பார்த்தன. துறவி நண்டு, பாடப்புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய உயிர். அது பக்கத்தில் கிடந்த சற்றுப் பெரிய சங்கொன்றைக் கொடுக்கால் உருட்டி, உள்ளே விட்டு அளந்து, என்ன நினைத்ததோ, வேண்டாமென்று விட்டுவிட்டுத் தன் பழைய வீட்டோடு நடந்தது. "வாடகை கூடப் போல" என்றார் கணக்கு டீச்சர்.

அடுத்த குட்டையில் கருப்பாக, முழங்கை நீளத்தில் ஒன்று கிடந்தது. அதை அடையாளம் காண எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை. தூத்துக்குடிக் கரைப்பக்கத்து ஆட்களுக்குக் கடல் அட்டை தெரியாதா? நம் மன்னார் வளைகுடாவில் பிடிக்கக் கூடாதென்று 2001 முதல் தடை உள்ள அதே இனம், இங்கே யாரும் தொடாமல் மணலைத் தின்று மணலைக் கழித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது. தலைமையாசிரியை அம்மா பேத்திக்கென்று ஒரு வெள்ளைப் பவளத் துண்டைக் குனிந்து எடுத்தார். விடுதித் தம்பி ஓடி வந்து, "அம்மா, அத வச்சிருங்க, ஏர்போர்ட்டுல பெட்டியத் தொறந்து எடுத்துருவாங்க" என்றார். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. செத்த துண்டானாலும் எடுத்துச் செல்லக் கூடாது. தண்டம் கட்டி மனம் கசந்து திரும்பும் பயணிகள் உண்டு. இதையும் கேட்காமல் சொன்ன விடுதி இது.

நான்கரை மணிக்குத் தேநீர் வந்தது. கூடவே வெங்காய பக்கோடா. கரை ஓரத்து மரங்களில் ஒன்று கடலை நோக்கி வெகுவாகச் சாய்ந்து, அடிமரமே உட்காரும் பலகையாக இருந்தது. உள்ளூரில் மஹுவா என்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயருக்கு இலுப்பை என்று பொருள் சொல்வோம். இது வேறு மரம். தேரிக்காட்டில் பழம் பறித்துத் தின்போமே அந்தப் பாலைமரத்துக்கு இது நெருங்கிய சொந்தம் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். நெய்தல் நிலத்தில் பாலை மரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தது தமிழாசிரியை ஒருத்திக்கு எவ்வளவு பெரிய கொழுப்பு என்று நான் சிரித்தேன். அவர்களுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தேகாலுக்குள் வெளிச்சம் மங்கியது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் வேளை, என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவள் நான். ஆனால் கிழக்குப் பார்த்த இந்தக் கரையில் கதிரவன் முதுகுப் பக்கம், பாக்குத் தோப்புக்குப் பின்னால் மறைந்துகொண்டான். கடல் மேல் இருந்த மேகங்கள் மட்டும் ரோஸ் நிறமாகி அணைந்தன. "மணி ஐந்தேகால்தானே ஆகிறது, ஊரில் இந்நேரம் வெயில் அடிக்குமே" என்று தலைமையாசிரியை அம்மா ஐயப்பட்டதற்குக் கணக்கு டீச்சர் மணலில் குச்சியால் எழுதி விடை சொன்னார். ஹேவ்லாக் ஏறத்தாழ 93 பாகை கிழக்கு. திருநெல்வேலி 78-க்குச் சற்றுக் குறைவு. இடைவெளி 15 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம். ஆகமொத்தம் ஒரு மணி நேரம். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், இங்கே காலையும் மாலையும் நமக்கு முன்பே வந்துவிடுகின்றன. முதல் நாளன்று மதியம் வந்து இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் ஏமாறுகிறார்கள். இன்னும் மூன்று மணி நேரம் வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துச் சாப்பிட்டுச் சாய்ந்து எழுந்தால், பொழுது முடிந்திருக்கும்.

உரிமையாளர் எங்களைப் போக வேண்டாம் என்றதற்கும் இதுவே காரணம். ராதாநகர் மேற்குக் கரையில் இருக்கிறது. மறைவைப் பார்க்க அங்குதான் போக வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2004-இல் டைம் இதழ் அதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதைத் தீவில் எந்த ஓட்டுநரும் உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் முதன்முதலாகப் பெற்ற இந்தியக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. சென்னையை அடுத்த கோவளத்துக்கு அது மறு ஆண்டுதான் கிடைத்தது. ஆனால் படகுத்துறையிலிருந்து அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் விடுதியிலிருந்தும் தீவைக் குறுக்காகக் கடந்துதான் போக வேண்டும். அன்று எங்கள் கப்பலிலேயே வந்து பக்கத்து விடுதியில் தங்கிய ஒரு குடும்பம், பயண முகவர் போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி பெட்டியை எறிந்துவிட்டு மூன்று மணிக்கே வண்டி ஏறியது. இரவு ஏழு மணிக்கு எங்கள் சமையல் கட்டுக்குத் தேநீர் தேடி வந்தபோது, குழந்தைகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தன. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அந்தத் தாய், "நல்லாதான் இருந்தது, கூட்டம் ஜாஸ்தி, இருட்டினதும் விசில் ஊதிக் கிளப்பிட்டாங்க" என்றார். நாங்கள் மறுநாள் நிதானமாகப் போய் மூன்று மணி நேரம் இருந்தோம்; அதைத் தனியாக எழுத வேண்டும்.

இருட்டிய பின் கடலில் இறங்கக் கூடாது என்பதில் இந்தத் தீவில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. சதுப்பு ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு. 2010-இல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்குப் பலியானார். எங்கள் கரையில் எவ்வளவு தூரம் வரை நடக்கலாம், எந்த ஓடைப் பக்கம் போகக் கூடாது என்பதை உரிமையாளர் வெளிச்சம் இருக்கும்போதே கையோடு கூட்டிச் சென்று காட்டினார். பெண்கள் நால்வராக வந்திருந்த எங்களுக்கு, பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது.

இரவு உணவில்தான் விடுதி சறுக்கியது. ஏழு மணிக்குச் சொன்ன மீன் எட்டரைக்கு வந்தது. இடையில் மின்சாரம் போயிற்று. மின்னாக்கி ஓடத் தொடங்கக் கால் மணி நேரம் பிடித்தது, ஓடத் தொடங்கியதும் பேச்சு கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கணுக்காலை ஒரு வழி பண்ணிவிட்டன. மாலையானால் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் இந்த விடுதி சொல்ல மறந்துவிட்டது. எடைக்கு விலை என்று காட்டப்பட்ட சங்கரா மீன், தட்டுக்கு வந்தபோது காட்டியதைவிடச் சிறுத்திருந்ததாகக் கணக்கு டீச்சர் இன்றுவரை சொல்லி வருகிறார். நெருப்பில் வாட்டினால் சுருங்கும் என்ற அறிவியல் டீச்சரின் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. சுவையில் குறை இல்லை. வாழையிலையில் சுற்றிச் சுட்டிருந்தார்கள். தோல் கருகி, உள்ளே வெண்ணெயாக உதிர்ந்தது. அம்மாவுக்குக் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து சப்பாத்தியோடு கொடுத்தார்கள். அந்தக் கத்தரிக்காயில் நாங்களும் கை வைத்தோம்.

ஒன்பதரை மணிக்குப் படுக்கப் போகும்போது, சலசலவென்று காதுக்கு மிக அருகில் ஒரு சத்தம். கடல் திரும்பி வந்திருந்தது. மாலையில் நாங்கள் உட்கார்ந்திருந்த மரத்தின் அடி இப்போது தண்ணீருக்குள் இருந்தது. கணக்கு டீச்சர் எழுதிய 93-உம் 78-உம் போய்விட்டன. நிலவு இல்லாத இரவு. விடுதித் தம்பி கரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு நீளக் குச்சியைக் கொண்டு ஓரத்துத் தண்ணீரைக் கலக்கிக் காட்டினார். நான்கைந்து பொறிகள் நீலமாகத் தெறித்து அணைந்தன. மறுபடி கலக்கினார், மறுபடி தெறித்தன. தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் அசைவுக்கு ஒளிவிடுகின்றன. இருண்ட இரவுகளில் இதைக் காட்டவே துடுப்புப் படகில் அழைத்துச் சென்று பணம் வாங்குகிறார்கள், அங்கே இன்னும் நிறையத் தெரியுமாம். எங்களுக்கு ஒரு குச்சிக்கு வாய்த்தது போதுமாக இருந்தது. பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு யாரையும் சத்தம் போட விடாத தலைமையாசிரியை அம்மா, குச்சியைத் தம்பி கையிலிருந்து வாங்கி, "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்று தானே கலக்கிக்கொண்டிருந்தார்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்காக: இரண்டு குடில்கள் 6,400 ரூபாய், மதியம் 1,300, இரவு 1,850, நான்கு இளநீர் 240, ஆட்டோ 200. மொத்தம் 9,990. தலைக்கு 2,497 ரூபாய் 50 காசு என்று கணக்கு டீச்சர் அன்றிரவே பிரித்துச் சொல்லிவிட்டார். தேநீர், பக்கோடா, செருப்பு, குச்சி இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கம்பி இழுத்து 2020-இல் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், இந்தத் தீவுக்கும் அது வந்திருக்கிறது. ஆனால் குடிலுக்குள் கைப்பேசியில் ஒரு கோடுகூட நிற்கவில்லை, பணம் அனுப்பச் சாலை வரை நடக்க வேண்டியிருந்தது.

நீச்சல் குளமும் குளிரூட்டியும் வேண்டுவோர், சாப்பாடு சொன்ன நேரத்தில் மேசைக்கு வர வேண்டும் என்போர், கைக்குழந்தையோடு வருவோர் இந்த விடுதியைத் தவிர்க்கலாம். அதே சாலையில் அவர்களுக்கேற்ற பெரிய விடுதிகள் உள்ளன. மூன்று நாள் தங்கினோம். இரண்டாம் நாள் காலை கதவுக்கு அடியில் புதிய ரசீதுத் தாள் ஒன்று கிடந்தது, அதில் 10.30-ஐச் சுற்றி வட்டம். அன்று பத்துமணிக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் நால்வரும் நின்றோம், கீழே பாதம் தெரிந்தது.

இதே கரையில் இதுபோன்ற குடிலைப் பதிவு செய்கிறவர்கள், படத்தை நம்பாமல் தொலைபேசியில் அழைத்து, எந்த எண்ணுள்ள குடில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் ஒன்று முதல் நான்கு வரை கடலைப் பார்த்தவை. ஆறாவதில் தங்கினால் திண்ணை நாற்காலியை இடது மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.